பள்ளி மன்றங்களில் எத்தனையில் சேர்வது சரி?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். விவாதம், சதுரங்கம், ரோபோ, நாடகம், சமூக சேவை என்று பள்ளியில் ஏகப்பட்ட மன்றங்கள். எத்தனையில் சேர்த்துவிட்டால் கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவும்? படிப்பு கெட்டுப்போகாதா?

பதில்:

ஒன்றில் முழுதாக, வேண்டுமானால் இன்னொன்றில் விளையாட்டாக. அதற்கு மேல் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் ஐந்து மன்றங்களுக்குப் பெயர் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை மாலைக்கு ஒரு மன்றம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நாடக மன்றத்தில் எனக்குக் கிடைத்தது திரை இழுக்கும் வேலை. சதுரங்கத்தில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பத்தே நிமிடத்தில் என்னை மேட் செய்துவிட்டு, அடுத்த ஆளைத் தேடிப் போய்விட்டான். அரைப்பரீட்சை வருவதற்குள் நான்கு மன்றங்களிலிருந்து சத்தமில்லாமல் கழன்றுகொண்டேன். விவாத மன்றத்தில் மட்டும் தங்கியதற்குக் காரணம் என் பேச்சுத் திறமை என்று நினைத்துவிடாதீர்கள். வருகைப் பதிவேட்டை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை, பொறுப்பாசிரியர் அதை என் கையில் திணித்துவிட்டார். பதிவேடு என்னிடம் இருந்ததால் நான் வராமல் இருக்க முடியவில்லை.

எங்கள் மன்றத்தில் உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியின் முறையைத்தான் பின்பற்றினோம். 1988இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய போட்டி அது. அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு 8 நிமிடம். எல்லாரும் பேசி முடித்தபின் ஒவ்வோர் அணிக்கும் 4 நிமிட மறுமொழி உண்டு. அதை மூன்றாவது பேச்சாளர் பேசக் கூடாது. எட்டு நிமிடப் பேச்சில் முதல் நிமிடம் முடிந்ததும் ஒரு மணி அடிப்பார்கள், ஏழாவது நிமிடம் முடிந்ததும் இன்னொரு மணி. இந்த இரண்டு மணிக்கும் நடுவே எதிரணியில் யார் வேண்டுமானாலும் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். ஏற்பதும் உட்காரச் சொல்வதும் பேசுகிறவர் இஷ்டம். என் முதல் போட்டியில் எழுந்த அத்தனை பேரையும் உட்கார வைத்தேன். பெரிய சாதனை என்று நினைத்துக்கொண்டு இறங்கினால், ஒரு கேள்விகூட வாங்காததற்காகவே நடுவர் மதிப்பெண் குறைத்திருந்தார்.

எந்தப் பக்கம் பேசுவது என்பதும் நம் கையில் இல்லை. வீட்டுப்பாடத்தை ஒழிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. என் வாழ்நாள் கொள்கையே அதுதான். ஆனால் விழுந்தது எதிர்ப்பக்கம். இரண்டு வாரம் முட்டி மோதித் தயார் செய்து, படித்ததைக் கொஞ்ச நாள் கழித்து மறுபடி நினைவிலிருந்து எடுத்து எழுதினால்தான் மனதில் நிற்கும் என்றெல்லாம் முழங்கி, ஜெயித்தும்விட்டோம். நடுவராக உட்கார்ந்திருந்தவர் எங்கள் கணக்கு ஆசிரியர். மறுநாள் வீட்டுப்பாடம் எழுதாமல் நான் வகுப்பில் எழுந்து நின்றபோது, "நேற்றுச் சொன்ன இரண்டாவது வாதத்தை எல்லாருக்கும் ஒருமுறை சொல்" என்றார்.

அடுத்த ஆண்டு செயலாளர் ஆனேன். பெயர்தான் பெரிது. கூடம் கேட்டுக் கடிதம் கொடுப்பது, ஸ்டாப்வாட்ச் தேடுவது, மினிட்ஸ் என்கிற கூட்டக் குறிப்பு எழுதுவது, இவ்வளவுதான் வேலை. ஆனால் நான் அதிகம் கற்றது இங்கேதான். "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று கூட்டத்தில் சொல்வதை அப்படியே எழுதி வைத்தால், அது ஒருபோதும் நடக்காது. யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்று எழுதி, அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அதைச் சத்தமாக வாசித்தால் பாதியாவது நடக்கும். மன்றத்தின் முந்தைய தலைவர் பள்ளி முடித்துப் போனபோது, எந்தப் போட்டிக்கு எப்போது விண்ணப்பிப்பது என்ற விவரமெல்லாம் அவருடைய தலையிலேயே போய்விட்டது. ஆறு மாதம் மன்றம் படுத்துவிட்டது. அப்புறம்தான் ஒப்படைப்பு நோட்டு ஒன்று ஆரம்பித்தோம்.

கல்லூரி விஷயத்துக்கு வருகிறேன். மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் இடங்களில் மன்றமும் சான்றிதழும் செல்லாது. அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் ஏற்கும் காமன் ஆப் படிவத்தில் 10 செயல்பாடுகள் வரை எழுத இடம் உண்டு. அந்தப் பத்தைப் பார்த்ததும் பெற்றோருக்குக் கை பரபரக்கும், எல்லாவற்றையும் நிரப்பிவிட வேண்டும் என்று. ஆனால் ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகளுக்குள்தான் இடம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். பெயர் மட்டும் கொடுத்த மன்றம் அங்கே பல்லிளித்துவிடும்.

படிப்பு? எனக்கு வேதியியல் ஒருமுறை சறுக்கியது, போட்டி நடந்த மாதத்தில். மற்றபடி வாரம் இரண்டு மணி நேரத்தில் யார் படிப்பும் கெட்டதாகத் தெரியவில்லை. ரோபோ மன்றம் மட்டும் வேறு ரகம்: போட்டி நெருங்கினால் சனி, ஞாயிறையும் விழுங்கிவிடும். இறுதித் தேர்வு ஆண்டில் எந்த மன்றத்திலும் பொறுப்பு வேண்டாம், பார்வையாளராகப் போய்வந்தால் போதும்.

கூட்டத்தில் பேசப் பிடிக்காத பிள்ளை என்றால் கணித மன்றத்தைப் பார்க்கலாம். சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டில் இரண்டு நாளில் மொத்தமே 6 கணக்குகள். நாளுக்கு நாலரை மணி நேரம். தனியாக உட்கார்ந்து ஒரே கணக்கோடு மல்லுக்கட்டுவதில் சுகம் காண்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். சேவையில் நாட்டம் என்றால் ரோட்டரியின் இன்டராக்ட் மன்றம் 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது.

இன்னொன்று, "சேர்த்துவிட்டால்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவளே சேரட்டும். மூன்றாவது கூட்டம் முடிந்து வரும்போது, "உனக்கு என்ன வேலை கொடுத்தார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "ஒன்றுமில்லை, சார் பேசினார், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்" என்றால் வேறு மன்றம் பார்க்கச் சொல்லலாம்.