மழைக்கு முன்னால் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள்: பிக்கப் ஒயரிங் கேள்வி பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்து 22 வருஷம் ஆகிறது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எனக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் குழுவில் உட்கார்ந்து பதில் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். லோடு வண்டி ஒயரிங்கில், முக்கியமாக ஒயரும் ஒயரும் சேரும் பிளாஸ்டிக் இணைப்பான கப்ளரில், தண்ணீர் புகுவது பற்றி மட்டும் கேளுங்கள். இஞ்சின், கியர் பாக்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று) எல்லாம் என் வேலை இல்லை.

முதுநகர், மீன் வண்டி: அண்ணே, துறைமுகத்திலிருந்து விடியற்காலை பண்ருட்டி, விழுப்புரம் லோடு. பிரேக் மிதித்தால் இடதுபக்கப் பின் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. பல்பு மூன்று முறை மாற்றிவிட்டேன்.

பல்பை விடுங்கள் தம்பி, எர்த் (கரண்டு பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி) போயிருக்கிறது. பின் விளக்கில் பிரேக், டெயில், இண்டிகேட்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எர்த் ஒயர்தான். அதில் களிம்பு ஏறிவிட்டால் பிரேக் பல்புக்குள் போன கரண்டுக்குத் திரும்பிப் போக வழி கிடையாது. பக்கத்தில் சும்மா இருக்கும் இண்டிகேட்டர் பல்பு வழியாக ஏறி, முன்பக்க இண்டிகேட்டரின் எர்த்தில் போய் இறங்கும். மங்கலாக எரிவது அதனால்தான்.

மீன் வண்டியில் இது எங்கே ஆரம்பிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஐஸ் உருகி, மீன் தண்ணீர் பின்கதவு இடுக்கில் வழிந்து, டெயில் லைட்டின் முதுகில் சொட்டும். விளக்கு எரியும்போது உள்ளே சூடு. அணைந்ததும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது சீல் ஓரத்தில் நிற்கிற தண்ணீரை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போகாது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் பங்குனி வெயிலிலும் உங்கள் கப்ளர் உள்ளே நசநசவென்றுதான் இருக்கும்.

முதலில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனை பேட்டரி மைனஸில், சிவப்பு முனை பல்பு ஹோல்டரின் எர்த் தகட்டில். ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். கப்ளரில் ஒரே ஒரு ஓம் தடை கூடினாலும் ஒன்றரை வோல்ட் அங்கேயே நின்றுபோகும்.

அப்புறம் வேலை. பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். கப்ளரின் லாக்கை அமுக்கி, பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து அல்ல. உள்ளே பச்சையாக, வெள்ளையாகப் பூத்திருக்கும். அதன் மேல் எதையாவது அடிப்பதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஈரத்தால் கெட்டதை ஈரத்தால் கழுவுவதா என்று எல்லோரும் சிரிப்பார்கள். உப்பைக் கரைத்து வெளியே எடுக்கத் தண்ணீரை விட்டால் வேறு ஆள் கிடையாது. போர் தண்ணீர் வேண்டாம், துறைமுகப் பக்கம் அதுவே கரிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள். கப்ளருக்குள் இருக்கும் உலோக ஊசியான பின்னின் மேல் பூசியிருக்கும் வெள்ளீயப் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கே செம்பு பச்சையாகும்.

கடைசியாக, கப்ளருக்குப் பின்னால் ஒயரை அரை அங்குலம் சீவிப் பாருங்கள். செம்பு பளபளவென்று இருந்தால் தப்பித்தீர்கள். கறுத்திருந்தால் தண்ணீர் திரி மாதிரி உறைக்குள் ஏறிவிட்டது. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு வண்டியில் முழங்கை நீளம் வெட்டியிருக்கிறேன்.

நெல்லிக்குப்பம்: டபிள்யூ.டி.-40 அடித்தால் போதாதா சார்?

நனைந்த கப்ளரிலிருந்து தண்ணீரைத் தள்ள நல்லது. அந்தப் பெயரே தண்ணீரைத் தள்ளுவதற்கான 40-வது கலவை என்பதிலிருந்து வந்ததுதான். ஆனால் அது காவல் நிற்காது, சில வாரங்களில் போய்விடும். வழியில் நின்றால் அடித்துக்கொண்டு வீடு வந்து சேருங்கள், வந்ததும் மேலே சொன்ன வேலையைச் செய்யுங்கள்.

வில்லியனூர், காய்கறி லோடு: கப்ளர் மேல் இன்சுலேஷன் டேப்பை நான்கு சுற்று இறுக்கமாகச் சுற்றியிருக்கிறேன். இருந்தாலும் ரிவர்ஸ் லைட் விட்டு விட்டு எரிகிறது.

இருந்தாலும் இல்லை ஐயா, சுற்றியதால்தான். டேப் தண்ணீரைத் தடுக்காது. ஒயர் வழியே உள்ளே வந்த தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துத்தான் வைக்கும். இந்த மாதம் பட்டறையில் டேப்பைப் பிரித்து நான் கொட்டிய தண்ணீர் ஒரு டம்ளர் இருக்கும். கப்ளருக்கு டேப் சுற்றாதீர்கள். ஒட்டுப்போட்ட இடமாக இருந்தால் உள்ளே பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். சூடு காட்டும்போது இரண்டு முனையிலும் பசை பிதுங்கி வெளியே தெரிந்தால்தான் அது சரியாகப் பிடித்தது என்று அர்த்தம்.

புதுச்சேரி முத்தியால்பேட்டை, இவரும் எலக்ட்ரீஷியன்: சிலிக்கான் கிரீஸ் பூசச் சொல்வீர்கள் என்று தெரியும். கரண்டைக் கடத்தாத கிரீஸைப் பின்னில் பூசினால் கரண்டு எப்படிப் போகும்? நாங்கள் வேசலின்தான் வைக்கிறோம். ஒரு குறையும் இல்லை.

வாங்க, இந்தச் சண்டைக்காகத்தான் காத்திருந்தேன். பின் உள்ளே போகும்போது உலோகமும் உலோகமும் உரசி அழுத்தும். அழுத்துகிற இடத்தில் கிரீஸ் ஒதுங்கிவிடும், சுற்றியுள்ள இடுக்கில் மட்டும் நிற்கும். தண்ணீர் உட்கார்வதும் அந்த இடுக்கில்தான். நம்பிக்கை இல்லையென்றால் பூசுவதற்கு முன்னும் பின்னும் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

வேசலின் பேட்டரி டெர்மினலுக்கு அருமை, நானும் அதைத்தான் வைக்கிறேன். பானட்டுக்குள் இருக்கும் கப்ளருக்கு வேண்டாம். சித்திரை வெயிலில் சும்மா நிறுத்திய வண்டியிலேயே உருகி வழிந்துவிடும். சில ரப்பர் சீலை ஊதவும் வைக்கும். ஊதிய சீல் அடுத்த முறை உட்காராது.

அவரே மீண்டும்: உங்கள் சிலிக்கான் மட்டும் யோக்கியமா? ரிலே, சுவிட்ச் பக்கத்தில் பூசினால் அதன் ஆவி தீப்பொறியில் எரிந்து பாயிண்டில் மணல் மாதிரி படியும். நான் பார்த்திருக்கிறேன்.

இது சரியான அடி, ஒப்புக்கொள்கிறேன். மூடியில்லாத ரிலே, சுவிட்ச் பாயிண்ட் பக்கம் சிலிக்கான் கூடாது. சீல் சிலிக்கான் ரப்பராக இருந்தாலும் சிலிக்கான் கிரீஸ் அதை ஊதவைக்கும். ஆனால் டெயில் லைட் கப்ளரில் தீப்பொறி எங்கே வருகிறது?

திருப்பாதிரிப்புலியூர்: சக்கரத்துக்குப் போடும் கிரீஸ் கையிலேயே இருக்கிறதே, அதைப் பூசலாமா?

கூடாது.

முத்தியால்பேட்டை: அதில் எனக்கும் உடன்பாடுதான். கப்ளர் நிறைய அப்புகிறவர்களையும் கொஞ்சம் திட்டுங்கள்.

திட்டுகிறேன். நிறைய அப்பினால் காற்று வெளியேற இடமில்லாமல் கப்ளர் பின்னுக்குத் தள்ளும், 'டிக்' என்று லாக் விழாது. லாக் விழாத கப்ளர் திறந்த கப்ளர்தான். தீக்குச்சி முனையில் எடுத்து, சீலின் விளிம்பில் ஒரு சுற்று, பின்னில் ஒரு தொடுதல், அவ்வளவுதான். புதுச்சேரிக்காரரோடு இன்னொரு நாள் டீ குடித்துக்கொண்டே மீதியைப் பேசிக்கொள்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

குண்டுஉப்பலவாடி: ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளத்தில் வண்டி இரண்டு நாள் நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் ஆகி ஓடியது. ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகக் கோளாறு. ஏன்?

அந்த இரண்டு நாளும் பேட்டரி மாட்டியே இருந்ததா? இருந்திருக்கும். தண்ணீருக்குள் கரண்டு இருந்தால் முலாம் பூசும் தொட்டிதான். பிளஸ் பின்னிலிருந்து உலோகம் கரைந்து போகும். சாவி அணைத்திருந்தாலும் சில ஒயர்களில் எப்போதும் கரண்டு இருக்கும். அந்தப் பின்கள்தான் முதலில் ஊசி மாதிரி மெலியும். ஆறு மாதம் தாக்குப்பிடித்து, ஒரு குலுக்கலில் உடையும். எப்போதும் கரண்டு இருக்கும் ஒயர்களின் கப்ளர்களை மட்டும் முதலில் திறந்து பாருங்கள். மெலிந்த பின்னைச் சுத்தம் செய்து பயனில்லை, மாற்ற வேண்டும்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். வெள்ளம் வருகிறது என்றால் வண்டியை மேட்டில் ஏற்றுங்கள். முடியாவிட்டால் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள். பத்து நம்பர் ஸ்பேனர், ஒரு நிமிஷ வேலை. மூழ்கி எழுந்த வண்டியில் சாவி திருப்பாதீர்கள்.

பாகூர்: மூழ்கிய வண்டியின் இஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்குமா?

மெக்கானிக்கைக் கேளுங்கள்.

சிப்காட், கம்பெனி வண்டி: வாட்டர் வாஷ் செய்த மறுநாள் இஞ்சின் லைட் எரிகிறது. இரண்டு நாளில் தானாகவே அணைகிறது.

பிரஷர் கன்னை பானட்டுக்குள் காட்டியிருக்கிறார்கள். சென்சார் ஒயர்களில் பல 5 வோல்ட், ஓடும் கரண்டு மிகச் சொற்பம். விளக்கு தாங்குகிற ஈரத்தைச் சென்சார் தாங்காது. இரண்டு பின்னுக்கு நடுவே ஒரு துளி நின்றாலே கம்ப்யூட்டர் தப்பாகப் படிக்கும். காய்ந்ததும் அணைகிறதே என்று விடாதீர்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் களிம்பு சேரும். கப்ளரில் ஒயர் இல்லாத ஓட்டை இருந்தால் அதன் அடைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். யாராவது கழற்றித் தொலைத்திருப்பார்கள். சோதிக்கிறேன் என்று ஊசியால் ஒயரைக் குத்தாதீர்கள், குத்திய ஓட்டைதான் அடுத்த கதவு.

அரியாங்குப்பம்: அண்ணே, டபிள்யூ.டி.-40 அடிக்கலாமா?

மேலே நெல்லிக்குப்பத்துக்குச் சொன்னது.

பரங்கிப்பேட்டை, குட்டியானை: டெயில் லைட் பியூஸ் 10 ஆம்பியர் அடிக்கடி போகிறது. 20 போட்டதும் போகாமல் நிற்கிறது. அப்படியே ஓட்டலாமா?

பியூஸ் நிற்கும், ஒயர் எரியும். சிவப்பு (10) பியூஸ் இருந்த இடத்தில் மஞ்சள் (20) போடாதீர்கள். பின்பக்கக் கப்ளரைத் திறந்து, களிம்பு இரண்டு பின்னையும் சேர்த்திருக்கிறதா என்றும், சேஸிஸ் ஓரத்தில் ஒயர் உரசியிருக்கிறதா என்றும் பாருங்கள். டேப் சுற்றியிருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள்.

தவளக்குப்பம்: டபிள்யூ.டி.-40 நல்லதா, வேசலின் நல்லதா?

தம்பி, மேலே ஏறிப் படியுங்கள்.

தேவனாம்பட்டினம், புது பிக்கப்: வண்டி வாங்கி ஒரு மாதம்தான். கடற்கரை ஓரம்தான் நிறுத்துகிறேன். இப்போதே ஏதாவது செய்யலாமா?

இன்றைக்கு வந்த கேள்வியிலேயே இதுதான் எனக்குப் பிடித்தது. வாரண்டி இருக்கும்போது ஒயரை வெட்டும் எந்த வேலையும் வெளியே செய்யாதீர்கள். கூடுதல் விளக்குக்காக டெயில் லைட் ஒயரைச் சீவி ஒட்டவும் விடாதீர்கள். வண்டிக்கு அடியில் படுத்து, கப்ளருக்கு ஒயர் எப்படி வருகிறது என்று மட்டும் பாருங்கள். மேலிருந்து நேராக இறங்கினால் மழைத்தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு கப்ளருக்குள்ளேயே போய் இறங்கும். ஒயர் கப்ளரைவிடத் தாழ்ந்து ஒரு வளைவு போட்டு மேலே ஏறும்படி கிளிப்பை நகர்த்திக் கட்டுங்கள். தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். புரட்டாசியில் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை பின்விளக்குக் கப்ளர்களைக் கழற்றி, பார்த்து, மாட்டுங்கள்.

மறுபடியும் முதுநகர்: அண்ணே, மீட்டர் வைத்துப் பார்த்தேன். 2.8 காட்டுகிறது. டேப் சுற்றிக்கொண்டு இன்று இரவு லோடு போகலாமா?

டேப்பைக் கீழே வையுங்கள். பட்டறை மூடவில்லை, ஆறு மணிக்குள் வண்டியைக் கொண்டுவாருங்கள். மீன் தண்ணீரைக் கழுவிவிட்டுக் கொண்டுவாருங்கள்.