பொத்தான் நடுவில் தெரிகிறது, சொடுக்கு மூலையில் வேலை செய்கிறது

கேள்வி: பைத்தானில் பைகேம் நூலகத்தைக் கொண்டு சிறிய விளையாட்டு ஒன்றை எழுதி வருகிறேன். மெனுத் திரையின் நடுவில் ‘தொடங்கு’, ‘வெளியேறு’ என்ற இரண்டு பொத்தான்களின் படங்கள் சரியாகத் தெரிகின்றன. ஆனால் அவற்றைச் சொடுக்கினால் எதுவும் நடப்பதில்லை. திரையின் இடது மேல் மூலையில், ஒன்றுமே இல்லாத இடத்தில் சொடுக்கினால் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. என்ன காரணம்?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: இடது மேல் மூலை என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பதே பிழை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது. படத்திடமிருந்து ‘கெட் ரெக்ட்’ வழியாக அதன் இடத்தையும் அளவையும் குறிக்கும் செவ்வகத்தைப் பெற்றுக்கொண்டு, படத்தை மட்டும் திரையில் வரையும் ‘பிளிட்’ கட்டளையில் வேறு எண்களைக் கொடுத்து நடுவில் வரைந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பைகேமில் ஒரு படத்துக்குத் தன் அகலமும் உயரமும் தெரியுமே தவிர, திரையில் தான் எங்கே வரையப்படுகிறோம் என்பது தெரியாது. ஆகவே, இடத்தைச் சொல்லாமல் கேட்டால் அது தரும் செவ்வகம் எப்போதும் 0, 0 என்ற புள்ளியிலிருந்தே, அதாவது இடது மேல் மூலையிலிருந்தே, தொடங்கும். உங்கள் இரண்டு பொத்தான்களின் செவ்வகங்களும் அந்த மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. நிரலில் முதலில் சோதிக்கப்படுவது ‘தொடங்கு’ என்பதால் ஆட்டம் தொடங்குகிறது.

பைகேமில் பொத்தான் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. வரைவது ஒரு வேலை, சொடுக்கு எங்கே விழுந்தது என்று பார்ப்பது வேறொரு வேலை. இரண்டையும் இணைப்பது நாம் வைத்திருக்கும் செவ்வகம் மட்டுமே. எனவே சாளரம் 800க்கு 600 என்றால், ‘தொடங்கு’ பொத்தானின் செவ்வகத்தைப் பெறும்போதே அதன் மையம் 400, 250 என்று ‘சென்டர்’ வழியாகக் கொடுத்துவிடுங்கள். பிறகு ‘பிளிட்’ கட்டளைக்கும் அந்தச் செவ்வகத்தையே கொடுங்கள். சொடுக்கு செவ்வகத்துக்குள் விழுந்ததா என்று பார்க்கும் ‘கொலைட்பாயின்ட்’ சோதனையையும் அதிலேயே செய்யுங்கள். இடத்தைக் குறிக்கும் எண்கள் நிரலில் ஒரே ஓரிடத்தில் இருக்கட்டும். பொத்தான்களை ஆயத்தமாகத் தரும் துணை நூலகங்கள் உண்டு என்றாலும், இரண்டு பொத்தான்களுக்கு அவை தேவையில்லை. இந்த அடிப்படையை நீங்களே எழுதிப் பார்ப்பதுதான் நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அடுத்து அதில்தான் சிக்குவீர்கள். சொடுக்கை அறிய ‘மவுஸ் கெட் பிரஸ்ட்’ என்பதைப் பயன்படுத்தினால், விரல் அழுத்தியிருக்கும் வரை ஒவ்வொரு சட்டகத்திலும், அதாவது திரை புதிதாக வரையப்படும் ஒவ்வொரு முறையும், அது ஆம் என்றே சொல்லும். நொடிக்கு 60 சட்டகங்கள் ஓடும்போது, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் அழுத்தினாலே அது ஆறு முறை எண்ணப்படும். அதற்குள் அடுத்த திரை வந்து, அங்கே அதே இடத்தில் வேறொரு பொத்தான் இருந்தால் அதுவும் அழுத்தப்பட்டுவிடும். ஆதலால், ஓர் அழுத்தலுக்கு ஒரே முறை வரும் ‘மவுஸ்பட்டன்டவுன்’ நிகழ்வைப் பயன்படுத்துங்கள். மவுஸின் வலப் பொத்தானும் இதே நிகழ்வைத்தான் அனுப்பும் என்பதால், ‘பட்டன்’ மதிப்பு 1 தானா, அதாவது இடப் பொத்தான்தானா, என்றும் பாருங்கள். பொத்தானின் மீது சுட்டி நிற்கும்போது நிறத்தை மாற்றுவதற்கு மட்டும், சுட்டி இருக்கும் இடத்தைத் தரும் ‘மவுஸ் கெட் பாஸ்’ போதும்.

நிகழ்வுகளைப் பெற்றுத் தரும் ‘ஈவென்ட் கெட்’ கட்டளையை ஒரு சட்டகத்தில் ஒரு முறைக்கு மேல் அழைக்காதீர்கள். அது வரிசையில் இருக்கும் நிகழ்வுகள் அனைத்தையும் எடுத்து வரிசையைக் காலியாக்கிவிடும். மெனுவுக்கு ஒரு முறையும் சாளரத்தை மூடுவதற்கு இன்னொரு முறையும் அழைத்தால், சில சொடுக்குகள் உங்கள் பொத்தான்களை வந்தடையாமலே போகும்.