பெட்டி மடிப்பில் ஒரு பெயர்

கேள்வி: எனக்கு வயது 59. அப்பா கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். ஒவ்வொரு முறை வீடு திரும்பும்போதும் இரண்டு பொம்மைக் கார்கள் கொண்டுவருவார். மேட்ச்பாக்ஸ், கார்கி, இரண்டு மூன்று டிங்கி என்று எல்லாம் பிரிட்டிஷ் பொம்மைக் கார்கள். அப்பா சென்ற ஆண்டு காலமானார். பரணை ஒழித்தபோது 46 கார்கள் கிடைத்தன. பெரும்பாலானவை பெட்டியோடு இருக்கின்றன. புகைப்படம் பார்த்த ஒரு சேகரிப்பாளர் மொத்தமாக ஒரு தொகைக்குக் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். கொடுத்துவிடலாமா? பெயிண்ட் உதிர்ந்த இடங்களைத் தொட்டுச் சரிசெய்தால் அதிகம் கிடைக்குமா? பதினோரு பெட்டிகளின் மடிப்பில் அப்பா நீல மையில் என் தங்கையின் பெயரை எழுதிவைத்திருக்கிறார். மற்றப் பெட்டிகளில் எதுவும் எழுதவில்லை. தங்கைக்குக் கார்களில் ஆர்வம் இருந்ததில்லை. அந்தப் பெயரை அழித்துவிட்டால் விலை கூடுமா?

பதில்:

பெட்டியோடு கார்கள் கிடைத்தன, விலை சொல்லுங்கள் என்று கேட்டு வரும் கடிதங்களுக்குக் குறைவே இல்லை. அவற்றில் பாதி, சண்டை முடிந்த பிறகு வருபவை. உங்கள் கடிதம் சண்டைக்கு முன்னால் வந்திருக்கிறது. அந்த வகையில் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

பெயரை அழிக்காதீர்கள். சந்தைக் கணக்குப்படியும் கூடாது, வீட்டுக் கணக்குப்படியும் கூடாது. சந்தைக் கணக்கை முதலில் சொல்கிறேன். அதைச் சொல்லாவிட்டால் அடுத்ததை நீங்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டீர்கள்.

அந்தக் காலத்து மேட்ச்பாக்ஸ் பெட்டி மெல்லிய அட்டை. மேலே படமும் எண்ணும் அச்சிட்ட ஒரு பூச்சு மட்டும்தான் இருக்கும். ரப்பரால் தேய்த்தால் முதலில் போவது அந்தப் பூச்சு. மை அதற்குப் பிறகுதான் போகும். திரவம் தடவினால் மை பரவி அட்டை ஊறிப்போகும். தேய்த்த இடத்தில் அட்டையின் நார் எழும்பி நிற்கும். விளக்குக்கு நேரே பெட்டியைச் சாய்த்துப் பிடித்தால் அந்த இடம் மட்டும் மினுக்கம் இல்லாமல் தெரியும். பழைய கார்களை வாங்குகிறவர் முதலில் செய்வதே அப்படிச் சாய்த்துப் பார்ப்பதுதான். பெட்டியில் குழந்தையின் பெயர் இருந்தால் விலை ஓரளவு குறையும், உண்மைதான். ஆனால் அது வாங்குகிறவருக்குப் பழகிய குறை. அழித்த தடம் அப்படியில்லை. ஒன்றை அழித்தவர் வேறு எதையெல்லாம் மாற்றினாரோ என்ற சந்தேகத்தை அது கிளப்பிவிடும். இன்று புதிதாக அச்சடித்த நகல் பெட்டிகளும் நகல் டயர்களும் தனியாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. இந்தத் துறையில் சந்தேகம் வந்துவிட்டால், பிறகு நீங்கள் எந்தக் காரைக் காட்டினாலும் இரண்டாம் முறை புரட்டிப் பார்ப்பார்கள்.

பெயிண்ட் விஷயமும் அப்படித்தான். தொடவே தொடாதீர்கள். உதிர்ந்த பெயிண்ட்டோடு இருக்கும் கார் பழைய கார். தொட்டுப் பூசியது பழுதுபார்த்த கார். இரண்டும் வேறு வேறு வரிசையில் விலை போகும். தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், மெருகேற்றாதீர்கள். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.

மொத்தமாகக் கேட்பவரைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. அவர் வாங்கி, வைத்திருந்து, பிரித்து விற்று, அதில் பிழைக்க வேண்டியவர். ஆனால் 46 காரும் ஒரே விலை பெறுவதில்லை. இப்படிப்பட்ட குவியல்களில் பெரும்பாலும் நாலைந்து கார்களே பெரும்பகுதி விலையைச் சுமக்கும். மற்றவை கூடவே போகிறவை. மொத்தத் தொகை சொல்கிறவருக்கு அந்த நாலைந்து எவை என்று தெரியும். உங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் என்று அவர் கெடு வைத்ததும் நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன் வாங்கிவிடத்தான்.

ஆகவே ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். மேட்ச்பாக்ஸ் என்றால் சக்கரத்தைப் பாருங்கள். தொடக்க கால வண்டிகளுக்கு உலோகச் சக்கரம், பிறகு சாம்பல் நிற பிளாஸ்டிக், அதன்பின் கறுப்பு. 1968இல் ஹாட் வீல்ஸ் என்ற அமெரிக்கப் போட்டிப் பொம்மைக் கார் வந்து வேகமாக ஓடும் சக்கரத்தைக் காட்டியதும், மேட்ச்பாக்ஸும் 1969 முதல் சூப்பர்ஃபாஸ்ட் என்ற மெல்லிய அச்சுக் கம்பியில் சுழலும் சக்கரத்துக்கு மாறியது. ஒரே வண்டி, ஒரே எண், சக்கரம் மட்டும் வேறு, விலையும் வேறு. நிறத்தையும் கவனியுங்கள். 13ஆம் எண் டாட்ஜ் மீட்பு வண்டி வழக்கமாக மஞ்சள் முகப்பும் பச்சை உடலுமாக வந்தது. அது தலைகீழாக, பச்சை முகப்பும் மஞ்சள் உடலுமாக இருந்தால் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் வண்டி. அதைப் போலியாகச் செய்கிறவர்களும் உண்டு என்பதால் நல்ல கண்ணிடம் காட்ட வேண்டும்.

கார்கிகளில் தங்க நிற ஆஸ்டன் மார்ட்டின் இருக்கிறதா பாருங்கள். 1965இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் கார். பொத்தானை அழுத்தினால் கூரை திறந்து, பக்கத்து இருக்கையில் இருக்கும் குட்டி மனிதன் வெளியே எகிறுவான். பெரும்பாலான வீடுகளில் கார் இருக்கும், அந்த மனிதன் தொலைந்திருப்பான். கார் இருந்து அவன் இல்லாவிட்டால் பரணின் மூலைமுடுக்கைத் துழாவுங்கள்; நகத்தளவு உருவம்தான், ஆனால் அவன் இல்லாமல் கார் முழுமையில்லை. டிங்கிகள் இரண்டாம் உலகப் போருக்கு முந்தியவையாக இருந்தால் உடலில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்போது துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டதால், உலோகமே உள்ளிருந்து உப்பி, வெடித்து, பொடியாகிவிடும். அதை நிறுத்த வழி கிடையாது.

பிறகு, ஏலத்தில் உண்மையில் விற்றுமுடிந்த விலையை மட்டும் பாருங்கள். விற்கிறவர் கேட்கும் விலை அவருடைய ஆசை. இதைத் தெரியாமல்தான் பலர் பெரிய தொகையை மனத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு வீட்டில் ஒருவரை ஒருவர் ஏமாற்றியதாகக் குற்றம் சாட்டுகிறார்கள்.

விலைக் கணக்கு இவ்வளவுதான். இனி வீட்டுக் கணக்கு.

தங்கைக்குக் கார்களில் ஆர்வம் இருந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஆர்வம் இல்லாத பிள்ளையின் பெயரை, பயணம் முடிந்து களைத்து வந்த மனிதர், பேனாவைத் திறந்து பதினோரு பெட்டிகளில் ஏன் எழுதினார்? உங்கள் பெயரை ஒரு பெட்டியில்கூட ஏன் எழுதவில்லை?

எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்றால் ஒரு பொருளின் மேல் பெயர் எழுத வேண்டிய அவசியம் இல்லை. உங்களுடையதை யாரும் பறிக்கவில்லை, அதனால் உங்கள் பெயர் தேவைப்படவில்லை. அவளுடையதை ஒருவர் பறித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அப்போது இருந்த பிள்ளைகள் இரண்டு பேர்தான். அவள் அழுதிருப்பாள், அல்லது அழாமல் அப்பாவிடம் போய் நின்றிருப்பாள். கடலில் பாதி வாழ்க்கையைக் கழித்த மனிதர், தான் இல்லாத நாட்களிலும் மகளுக்குக் காவலாக இருக்கட்டும் என்று பெயரை எழுதிவைத்தார். அந்தக் காவலை இன்று நீங்கள் ரப்பரால் அழிக்கக் கிளம்பியிருக்கிறீர்கள், தம்பி. அதுவும் என்னிடம் அனுமதி கேட்டு!

இன்னொன்று. ஒவ்வொரு முறையும் இரண்டு கார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பிள்ளைகள் இருந்த வீட்டுக்கு இரண்டு கார்கள். 46இல் பாதி 23. மிச்சம் பன்னிரண்டு பெட்டிகளில் பெயர் இல்லாமல் போனதற்கு, அப்பாவுக்கு நேரம் கிடைக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

கார் ஆண் பிள்ளையின் பொம்மை என்பதுதானே உங்கள் மனத்தில் இருப்பது? மேட்ச்பாக்ஸ் எப்படிப் பிறந்தது என்று தெரியுமா? அதைத் தயாரித்த லெஸ்னி நிறுவனத்தின் பங்குதாரரும் பொறியாளருமான ஜாக் ஓடெலின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டும்தான் கொண்டுவரலாம் என்று ஒரு விதி இருந்தது. அவர் பித்தளையில் சின்னஞ்சிறு சாலை உருளை ஒன்றைச் செய்து, தீப்பெட்டியில் வைத்து மகளிடம் கொடுத்தனுப்பினார். பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அதேபோல் வேண்டும் என்று கேட்டார்கள். 1953இல் மேட்ச்பாக்ஸ் வரிசை தொடங்கியது அதிலிருந்துதான். உங்கள் பரணில் கிடந்த அந்தச் சிறிய பெட்டிகள் தீப்பெட்டி வடிவத்தில் இருப்பது ஒரு தகப்பன் தன் மகளுக்காகச் செய்த வேலையினால். உங்கள் அப்பாவும் தன் மகளுக்கு அதைத்தான் வாங்கிவந்தார்.

நானும் ஒரு அண்ணனுக்குத் தங்கைதான். அம்மாவின் தையல் இயந்திரம் எனக்கு என்று அம்மாவே சொல்லியிருந்தார். அண்ணன் அதை விற்றுவிட்டு, ஒரு காசு குறையாமல் பணத்தை உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். நேர்மையான மனிதர். முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த உறையை வாங்கிக்கொண்ட நேரம் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விற்கச் சொல்லி நானே சம்மதித்திருப்பேன். அதனால் பாதிப் பணத்தைத் தங்கைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று நீங்கள் பதில் எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அது போதாது. மூத்தவர் என்றால் கேட்டுவிட்டுச் செய்கிறவர். செய்துவிட்டுக் கணக்குக் காட்டுவது குமாஸ்தாவின் வேலை.

சேகரிப்பாளரிடம் இன்றே சொல்லிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை முடியாது, பொருள் இரண்டு பேருடையது என்று. உண்மையிலேயே வேண்டும் என்றால் அவர் காத்திருப்பார். பழைய பொம்மைக் கார் அடுத்த வாரமும் பழைய பொம்மைக் கார்தான்.

பிறகு தங்கையிடம் பேசுங்கள். புகைப்படம் அனுப்பாதீர்கள், அந்தப் பதினோரு பெட்டிகளையும் நேரில் கொண்டுபோங்கள். விலையைப் பற்றி முதலில் பேசாதீர்கள், உங்களுக்கு என்ன செலவு இருக்கிறது என்றும் சொல்லாதீர்கள். மடிப்பைத் திறந்து அப்பாவின் கையெழுத்தைக் காட்டுங்கள். தங்கை எல்லாவற்றையும் விற்கச் சொல்லலாம், ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளலாம், பதினொன்றையும் கேட்கலாம். எதைச் சொன்னாலும் அதன்படி செய்யுங்கள். பெயர் இல்லாத மிச்சத்தைப் பிரிக்கும்போது முதலில் எடுக்கும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். தங்க நிற ஆஸ்டன் மார்ட்டின் இருந்து, அதை அவர் எடுத்தாலும் வாயைத் திறக்காதீர்கள்.

அந்தப் பெயர் எந்த நாளில், எதற்காக எழுதப்பட்டது என்பது அவருக்கு நினைவிருக்கும். சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.