ஹைலக்ஸ் 3எல் எஞ்சினில் தண்ணீர் குறைந்தால் முழு எஞ்சினையும் இறக்கத்தான் வேண்டுமா?

உங்கள் ஹைலக்ஸில் இருப்பது டொயோட்டாவின் 3எல் என்ற 2.8 லீற்றர் டீசல் எஞ்சின். ரேடியேற்றரில் தண்ணீர் குறைகிறது, காலையில் வெள்ளைப் புகை தள்ளுகிறது, கராஜில் முழு ஓவரோல் (எஞ்சினை இறக்கிப் பிரித்துப் பூட்டுவது) என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கொம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அமுக்கம்) பார்க்காமல் எஞ்சினை இறக்கக் கொடுக்காதீர்கள். ஹெட்டை, அதாவது சிலிண்டர்களுக்கு மேலே மூடியாக இருக்கும் பாகத்தை, எஞ்சினை இறக்காமல் வாகனத்தில் வைத்தே கழட்டலாம்.

ஹீற்றர் பிளக் துளையில் டீசல் கேஜைப் பூட்டிப் பாருங்கள். பெற்றோல் கேஜ் இந்த அமுக்கத்தைத் தாங்காது. நல்ல 3எல் 450 பிஎஸ்ஐயை அண்மித்துக் காட்டும். 285க்குக் கீழே இறங்கினாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 70க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ கோளாறு. அடுத்தடுத்த இரண்டு மட்டும் குறைந்தால் பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் நடுவில் காஸ்கற் (ஹெட்டுக்கும் எஞ்சின் புளொக்குக்கும் இடையிலுள்ள தகடு) போயிருக்கும். நாலும் குறைந்து, ஒயிலும் குடித்தால்தான் பிஸ்ரன் ரிங், போர் (சிலிண்டர் துளை) வரை போகவேண்டும்.

கழட்டும்போது எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ரைமிங் பெல்ற்றின் அடையாளங்களை மூன்று புலியிலும் பொருத்திவிட்டே பெல்ற்றை எடுங்கள். ஹெட் போல்ற் 18. இரு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாகத் தளர்த்த வேண்டும். ஒரேயடியாகத் தளர்த்தினால் ஹெட் வளையும். டீசல் பைப் வாய்களை உடனே மூடிக் கட்டுங்கள்; ஒரு மணல் போதும், நொசில் போய்விடும்.

காஸ்கற்றை மட்டும் மாற்றிப் பூட்டினால் திரும்பவும் போகும். இந்த ஹெட்டில் வெடிப்பு விழுவது இரண்டு வால்வுகளுக்கும் நடுவில். கண்ணால் பார்த்து நம்ப ஏலாது, லேத்தில் பிரஷர் ரெஸ்ற் செய்விக்கவேண்டும். மட்டம் பிடித்துச் சீவினால் வால்வு பிஸ்ரனுக்குக் கிட்ட வரும். வால்வு உட்காரும் சீற்றையும் வெட்டி, வால்வு இறங்கிய அளவை அளக்கச் சொல்லுங்கள்.

சூடு ஏறிய காரணம் அநேகமாக உங்கள் கிணற்றிலேயே இருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வரும் தண்ணீரைத்தான் வருடக்கணக்காக ரேடியேற்றருக்கு ஊற்றுகிறோம். கேத்தலில் படியும் அதே வெள்ளைக் காறை புளொக்கினுள்ளும் படிகிறது. அது சூட்டைக் கடத்தாது. புளொக்கின் பக்கத்தில் தண்ணீர் வழியை அடைத்திருக்கும் தகட்டு மூடிகளான வெல்ஷ் பிளக்குகளைக் கழட்டிப் பார்த்தால், பின்பக்கம் நாலாம் சிலிண்டரைச் சுற்றிச் சேறாகவே கிடக்கலாம். கம்பி விட்டுச் சுரண்டிக் கழுவி, பிளக் புதிதாக அடியுங்கள். ரேடியேற்றரின் தொட்டியைத் திறந்து குழாய்களைக் குத்துவிக்காமல் விட்டால் ஹெட்டுக்குக் கொடுத்த காசு வீண். இனிமேல் கூலன்ற்றோடு காய்ச்சி வடித்த தண்ணீர். கிடைக்காவிட்டால் சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீர்.

போறிங் (சிலிண்டர் துளையைப் பெரிதாக வெட்டுவது) வரை போனால் பிஸ்ரனை முதலில் வாங்கி லேத்தில் கொடுங்கள். ஸ்ராண்டட் போர் 96 மி.மீ. ஆனால் அரை மி.மீ. ஓவர்சைஸ் என்ற பெட்டியை நம்பி வெட்டாமல், கையிலுள்ள பிஸ்ரனை அளந்தே வெட்டவேண்டும். பெயறிங் கப்களை (பெயறிங் மூடிகளை) இடம் மாற்றிப் பூட்டக்கூடாது. நம்பரும் முன்பக்கமும் குறித்து வையுங்கள்.

பூட்டும்போது பலர் தவறவிடுவது போல்ற் துளை. அடியில் தண்ணீரோ ஒயிலோ தேங்கியிருக்க இறுக்கினால் அது போக இடமில்லாமல் புளொக்கையே வெடிக்க வைக்கும். காற்று அடித்துக் காயவிடுங்கள். காஸ்கற் பி, டி, எஃப் என்று மூன்று தடிப்பில் வரும். டயல் கேஜால் நாலு பிஸ்ரனும் புளொக்குக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று அளந்து, கூடியதை வைத்துத் தெரிவு செய்யுங்கள். கடைக்காரர் தருவதை வாங்கிப் போடுவதில்தான் பிஸ்ரன் தட்டும், இல்லாவிட்டால் ஸ்ராட் சுணங்கும். சிலிக்கன் பூசவே வேண்டாம்.

இறுக்குவது நடுவிலிருந்து வெளியே. முதலில் 78 நியூட்டன் மீற்றர், பிறகு 90 பாகை, மறுபடி 90 பாகை. போல்ற்றின் தலையில் பெயின்ற் புள்ளி வைத்தால் பாகைக் கணக்கில் பிழை வராது. மெலிந்த போல்ற்றைத் திரும்பப் போடாதீர்கள். வால்வு இடைவெளி ஆறிய நிலையில் இன்லெற் 0.20–0.30, எக்ஸோஸ்ற் 0.40–0.50 மி.மீ.

பெல்ற் போட்டதும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி அடையாளம் திரும்பப் பொருந்துகிறதா பாருங்கள். எங்கேயாவது இடறினால் நிறுத்துங்கள், சாவியைத் தொடாதீர்கள். டீசல் பம்பின் ஸ்ரொப் சொலனொயிட் (டீசலை நிறுத்தும் வால்வு) வயரைக் கழட்டி, ஒயில் லைற் அணையும்வரை செல்வ் (ஸ்ராட்டர் மோட்டர்) அடித்து, வயரைத் திரும்பப் பூட்டிய பிறகே ஸ்ராட். ஓடிய பிறகு ஹெட்டை மறுபடி இறுக்கச் சொல்வார்கள். பாகைக் கணக்கில் இறுக்கிய போல்ற்றுக்கு அது தேவையில்லை.