பீரோவுக்குப் பின்னால் ஒரு கேரம் போர்டு

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குக் கல்யாணமாகி ஒன்பது மாதம் ஆகிறது. நானும் கணவரும் பழைய மகாபலிபுரம் சாலையில்தான் வேலை செய்கிறோம். மேடவாக்கத்தில் அடுக்குமாடியில் வாடகை வீடு. மாமனார், மாமியார் பெரம்பூரில். மாமா ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். என் அப்பா, அம்மா மதுராந்தகத்தில்.

என் டீமில் ஒரு பெண் கணவரோடு அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே அக்டோபர் வந்தால் மரமெல்லாம் சிவந்துவிடுகிறது. அவர்கள் நண்பர்களோடு தோட்டத்துக்குப் போய் ஆப்பிள் பறிக்கிறார்கள், பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைக்கிறார்கள், மாமியார் வீட்டுப் பின்கட்டில் உதிர்ந்த இலையைக் கூட்டிக் குவிக்கிறார்கள். பெரிய செலவு எதுவும் இல்லை. படத்தில் எல்லார் முகமும் சிரித்தபடி இருக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

நாங்கள் சனி, ஞாயிறில் மாலுக்குப் போகிறோம். ஹோட்டலில் சாப்பிடுகிறோம். வீட்டில் இருந்தால் ஓடிடி. திங்கட்கிழமை யோசித்தால் எதுவும் நினைவில் நிற்பதில்லை. பெரம்பூருக்குப் போனால் டிவி ஓடும், நாங்கள் போனைப் பார்ப்போம், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம். அந்த வீட்டில் பீரோவுக்குப் பின்னால் ஒரு கேரம் போர்டு சாத்தியிருக்கிறது. யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. நண்பர்களைச் சந்திப்பதும் கடைசியில் பில்லைப் பங்குபோடுவதாக ஆகிவிட்டது.

நமக்கு இலையுதிர்காலமே இல்லை. மழை வந்தால் தெருவில் தண்ணீர் நிற்கிறது, அவ்வளவுதான். எங்களை மாதிரிப் புதிதாகக் குடும்பம் தொடங்கியவர்கள் வீட்டாரோடும் நண்பர்களோடும் சேர்ந்து எளிமையாகச் செய்ய இங்கே என்ன இருக்கிறது?

அன்புடன்,
ச., மேடவாக்கம்

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது கேரம் போர்டைப் பற்றிய வரியைத்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நம் ஊரில் இலை உதிர்வது மாசி, பங்குனியில். உங்கள் தெருவில் நாட்டு வாதுமை மரம் ஒன்று இருந்தாலும் போதும், அந்தச் சமயம் அதன் இலை ரத்தச் சிவப்பாகி விழுவதைப் பார்க்கலாம். அக்டோபரில் நம் மரங்கள் கழுவிவிட்ட மாதிரிப் பச்சையாக நிற்கும். அந்த மாதங்களுக்குத் தமிழில் தனியாக ஒரு பெயர் இருக்கிறது: கூதிர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். காருக்குப் பின், முன்பனிக்கு முன். இத்தனை மாத வெயிலுக்குப் பிறகு, சென்னையில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் வியர்க்காமல் உட்கார முடிவது அப்போதுதான். இந்த ஊருக்கு வருஷத்தில் கிடைக்கிற மழை ஏறக்குறைய 1,400 மி.மீ. அதில் 60 சதவீதம் போல அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. மழை நம்மை வீட்டுக்குள் அனுப்புகிறது. உள்ளே போன பிறகு என்ன செய்வது என்பதுதான் உங்கள் கேள்வி.

உங்கள் தோழியின் படங்களை இன்னொரு தடவை பாருங்கள். பறிக்கிறார்கள், குடைகிறார்கள், கூட்டுகிறார்கள். மூன்றுமே வேலை. கைக்கு வேலை இருக்கும்போது வாய் தானாகப் பேசும். பேச விஷயம் தேட வேண்டியதில்லை, பேசாமல் இருந்தாலும் சங்கடமில்லை. மாலில் உங்கள் கைக்கு ஒரு வேலையும் கிடையாது. அது போனைத் தேடுகிறது. அதனால் உங்களிடம் ஊர் சுற்றும் இடங்களைச் சொல்லாமல், இந்தப் பருவம் நம் ஊரில் கொண்டுவரும் வேலைகளைச் சொல்கிறேன்.

முதலில் இலை கூட்டுவது. அது நமக்கும் உண்டு. புரட்டாசி முடிவதற்குள் மொட்டை மாடியைக் கூட்டியாக வேண்டும். வருஷம் முழுக்கச் சேர்ந்த சருகு, காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு, கொடியிலிருந்து விழுந்த கிளிப், தொட்டியிலிருந்து கரைந்த மண் எல்லாம் மழைநீர்க் குழாயின் வாயில் போய் அடைந்திருக்கும். முதல் பெருமழையில் மாடி குளமாகி, மேல் வீட்டுக் கூரையில் ஓதம் ஏறுவது அதனால்தான். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. குழாயும் குழியும் உங்கள் கட்டிடத்திலும் இருக்கும். அந்தக் குழியைத் திறந்து, மேலே படிந்த வண்டலை அள்ளி, ஜல்லியைக் கழுவிப் போட எத்தனை பேர் மெனக்கெடுகிறார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் இருவரும் துடைப்பமும் மண்வெட்டியுமாக மாடி ஏறுங்கள். எதிர் வீட்டுக் கதவையும் தட்டுங்கள். பத்து மணிக்குள் முடிந்துவிடும். யாராவது ஒருவர் டீ போட்டு வருவார். ஒன்பது மாதமாக லிஃப்டில் தலையை மட்டும் ஆட்டிய முகங்களுக்குப் பெயர் தெரிந்துவிடும்.

மாடியைக் கூட்டிய கையோடு ஒரு டப்பாவை அங்கே வையுங்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத ஆசை, ஏனென்றால் எங்கள் வீட்டில் இது 1998இலிருந்து நடக்கிறது. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள எவர்சில்வர் டப்பா எதுவானாலும் சரி. பெரிதோ சிறிதோ, பக்கம் நேராக இருந்தால் உள்ளே நிற்கிற தண்ணீரின் உயரம் ஒன்றாகத்தான் இருக்கும். சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தள்ளி, காற்றில் சாயாதபடி இரண்டு செங்கல்லுக்கு நடுவே வைத்துவிடுங்கள். காலை 8.30க்கு ஸ்கேலை விட்டு அளந்து, எழுதிக்கொண்டு, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வானிலை ஆய்வு மையம் அளப்பதும் அதே நேரத்தில்தான் என்பதால் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் 50 மி.மீ. பெய்தால் ஏறக்குறைய 4,600 லிட்டர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, குழாயில் சருகு அடைத்திருப்பதைச் சும்மா விட மனசு வராது.

இதே மாதிரி ஒரு டப்பாவைப் பெரம்பூரில் மாமா கையில் கொடுங்கள். சென்னை மழை பேட்டைக்குப் பேட்டை மாறும். அங்கே கொட்டித் தீர்த்த இரவில் மேடவாக்கத்தில் தூறல்கூட இல்லாமல் இருக்கும். ‘மாமா, இன்னைக்கு எவ்ளோ?’ என்று காலையில் ஒரு போன். நலம் விசாரிக்கிற போன் இரண்டே நிமிஷத்தில் வற்றிவிடும். இது வற்றாது. ரயில்வேயில் இருந்தவருக்கு நேரமும் பதிவேடும் பழகிய விஷயம், உங்களைவிட ஒழுங்காக எழுதுவார். மதுராந்தகத்தில் அப்பாவுக்கும் ஒன்று கொடுத்துவிட்டால், தலை தீபாவளிக்கு நீங்கள் போய் இறங்கும்போது மூன்று ஊர்க் கணக்கு கையில் இருக்கும்.

எங்கள் நோட்டில் ஒரு பக்கத்தில் மட்டும் எண் இல்லை. 2015 டிசம்பர் 2ஆம் தேதி. காலையில் மாடிக்குப் போனால் டப்பா வழிந்து நிற்கிறது. அன்று நுங்கம்பாக்கத்தில் 29, தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது பிறகுதான் தெரிந்தது. என் கணவர் ‘நிரம்பி வழிந்தது’ என்று எழுதி, அதற்குக் கீழே தரைத்தள வீட்டுக்காரர்கள் ஆறு பேரின் பெயரை எழுதியிருக்கிறார். தண்ணீர் வடியும்வரை ஐந்து நாள் எங்களோடு இருந்தார்கள். மழைக்காலத்தைப் பொழுதுபோக்கு என்று எழுதும்போது அந்தப் பக்கம் எனக்கு ஞாபகம் வராமல் இருக்காது. உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று நீங்கள் எழுதியதையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் கட்டிடத்தில் தரைத்தளத்தில் யார் இருக்கிறார்கள், அவர்களில் நடக்க முடியாதவர் உண்டா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கேரம்.

எனக்குக் கல்யாணமானது 1991இல். திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம், ஒன்றரை அறை. மாமியார் அதிகம் பேச மாட்டார். ‘அடுப்பை அணைச்சிடு’, ‘பால்காரன் வந்தாச்சா’ என்கிற அளவில்தான் எங்களுக்குள் பேச்சு. அந்த ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை பிடித்துக்கொண்டது. மாமனார் கட்டிலுக்கடியிலிருந்து கேரம் போர்டை இழுத்தார். பலகை ஈரம் குடித்திருந்தது. ஸ்ட்ரைக்கரைத் தட்டினால் பாதி தூரத்தில் நின்றுவிடுகிறது. அவர் அவசரப்படவில்லை. உத்தரத்தில் தொங்கிய குண்டு பல்பைச் சணல் கயிற்றால் தாழ இறக்கி, பலகைக்கு ஒரு முழம் மேலே நிற்கிற மாதிரி கட்டினார். போரிக் பவுடரைத் தூவி, கிழிந்த வேட்டித் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். கால் மணி நேரத்தில் அந்தச் சூட்டில் பலகை காய்ந்து, காய் வழுக்கத் தொடங்கியது.

நாங்கள் மூன்று பேர். நாலாவது ஆள் இல்லை. மாமியார் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து எனக்கு எதிரே, என் ஜோடியாக உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலால் அடிக்கவில்லை, கட்டைவிரலால் சுண்டினார். மூன்றாவது ஆட்டத்தில் சிவப்பைப் போட்டு, அதற்கு அடுத்துப் போட்டாக வேண்டிய ஃபாலோ காயையும் போட்டுவிட்டு, மாமனார் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: ‘அவரு எப்பவும் உன் இடது கைப் பக்கம்தான் விடுவாரு. அந்தப் பாக்கெட்ட அடைச்சு வை. சிவப்ப நான் பாத்துக்கறேன்.’ அவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றதே இல்லை.

உங்கள் மாமனார் வீடு இருப்பது வடசென்னையில். அங்கே கேரம் தெருமுனை மன்றங்களில் வளர்ந்த ஆட்டம். 1991இலும் 1995இலும் உலகச் சாம்பியன் ஆன மரிய இருதயம் சென்னைக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னையில் ஆட்டோ ஓட்டுகிற ஒருவரின் மகள். பெரம்பூரில் அந்த வயதில் உள்ள ஒருவர் ஒரு போர்டை எறியாமல் பீரோவுக்குப் பின்னால் பத்திரப்படுத்தியிருக்கிறார் என்றால், அவர் ஒருகாலத்தில் நன்றாக ஆடியிருப்பார் என்று நினைக்கிறேன். அடுத்த தடவை போகும்போது ஒரு டப்பா போரிக் பவுடரும் புது ஸ்ட்ரைக்கரும் வாங்கிப் போங்கள். கற்றுக்கொடுங்கள் என்று கேளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: கணவனும் மனைவியும் ஒரு ஜோடியாக உட்காராதீர்கள். நீங்கள் மாமாவோடு, உங்கள் கணவர் அவர் அம்மாவோடு. எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து ஆட வேண்டிய ஆட்டம் அது.

நவராத்திரி பற்றித் தனியாக எழுத வேண்டாம். கொலுவுக்கு யாராவது கூப்பிடுவார்கள். இருவருமாகப் போங்கள், பாடச் சொன்னால் பாடுங்கள்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய நாளை மட்டும் நண்பர்களுக்காக ஒதுக்கி வையுங்கள். ஹோட்டலில் சந்திக்கிற அதே நான்கைந்து பேரை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பொரி உருண்டை பிடியுங்கள். தனி ஆளால் செய்ய முடியாத பண்டம் அது. வெல்லப் பாகு கொதித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் அதிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்க வேண்டும். அந்த உருண்டையைத் தட்டில் போட்டால் டங் என்று கேட்க வேண்டும், அதுதான் பதம். அதற்கு ஒரு கொதி முன்னால் இறக்கினால் உருண்டை பிசுபிசுக்கும், பின்னால் இறக்கினால் பல்லுக்கு அசையாது. பொரியில் பாகை ஊற்றிக் கிளறிய நொடியிலிருந்து இரண்டு மூன்று நிமிஷம்தான். ஆறினால் உதிர்ந்துவிடும். எல்லாரும் கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு, சூடு பொறுக்காமல் கத்திக்கொண்டு, அள்ளி அள்ளி உருட்ட வேண்டும். அந்த மூன்று நிமிஷத்தில் யாரும் போனை எடுக்க முடியாது, கையெல்லாம் பாகு. மாமியாரையும் அன்று வரவழையுங்கள். பதம் பார்க்க அவர் வேண்டும். மறுநாளைக்கு ஏற்றுகிற புது அகலை அன்று இரவே தண்ணீரில் ஊறப்போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் எண்ணெயை மண்ணே குடித்துவிடும்.

வெளியே போகவும் வேண்டும் என்றால் உங்களுக்கு வண்டிச் செலவே கிடையாது. பள்ளிக்கரணை சதுப்புநிலம் பக்கத்திலேயே இருக்கிறது. 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஒரு பக்கம் குப்பைமேடு, ஒரு பக்கம் கட்டிடம், நடுவில் அக்டோபரிலிருந்து வலசைப் பறவைகள். மழை விட்ட காலையில் நண்பர்களோடு ஒரே ஒரு பைனாகுலரைக் கைமாற்றிக்கொண்டு நில்லுங்கள். நீலத் தாழைக்கோழி எப்போதும் இருக்கும். பூநாரை வருகிற வருஷங்களில் சாலையிலிருந்தே தெரியும். மதுராந்தகத்தில் அப்பாவுக்கு வேடந்தாங்கல் பக்கத்து ஊர். 1798இலேயே பறவைகளைச் சுடக் கூடாது என்று கலெக்டரிடம் உத்தரவு வாங்கிய ஊர் அது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. நவம்பரில் கூடு கட்டத் தொடங்கும்போது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் சின்ன வயதில் பார்த்த ஏரியைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள்.

இத்தனையையும் ஒரே வருஷத்தில் செய்ய வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை மாடி. அடுத்த வாரம் பெரம்பூர், கையில் ஒரு எவர்சில்வர் டப்பா, ஒரு டப்பா போரிக் பவுடர். முதல் மழை பெய்த மறுநாள் மேடவாக்கம் எவ்வளவு, பெரம்பூர் எவ்வளவு என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். எங்கள் நோட்டில் குறித்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
அக்கா