கோலாலம்பூரில் சப்சேல் கண்டோ: 10% முன்பணம் மட்டும் இருந்தால் போதுமா? வாடகை வீட்டை எப்போது காலி செய்யலாம்?

செந்தூலில் 480,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு சப்சேல் கண்டோ, அதாவது ஏற்கனவே ஒருவருக்குச் சொந்தமாக இருந்து மறுவிற்பனைக்கு வரும் அடுக்குமாடி வீடு, பார்த்திருக்கிறீர்கள். 90% கடன் கிடைக்கும் என்று ஏஜென்ட் சொல்கிறார், கையில் 48,000 வெள்ளி இருக்கிறது. மூன்று மாதத்தில் வாடகை வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்குச் சொல்லாதீர்கள். பணமும் போதாது, நாளும் போதாது.

முதலில் பணம். பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி முதல் 100,000 வெள்ளிக்கு 1%, அடுத்த 400,000க்கு 2%. உங்கள் விலைக்கு 8,600 வெள்ளி வரும். கடன் பத்திரத்துக்கு 0.5%, அதாவது 432,000க்கு 2,160. வழக்கறிஞர் கட்டணம் 2023 விகிதப்படி முதல் 500,000 வரை 1.25%. வாங்கும் ஒப்பந்தத்துக்கு 6,000, கடன் பத்திரத்துக்கு 5,400, அதற்கு மேல் 8% சேவை வரி. கூட்டினால் 23,000 தாண்டும். மதிப்பீட்டுக் கட்டணம், பதிவுச் செலவு எல்லாம் தனி.

இது உங்கள் முதல் வீடாகவும் நீங்கள் குடிமகனாகவும் இருந்தால், 500,000 வெள்ளி வரையிலான வீட்டுக்கு இரண்டு முத்திரை வரியும் 2027 டிசம்பர் 31 வரை கிடையாது. 10,760 வெள்ளி மிச்சம். ஆனால் அப்பா இறந்தபின் அவருடைய ஃபிளாட்டில் உங்களுக்கு ஒரு பங்கு பதிவாகியிருந்தால், அதுவும் சொந்த வீடாகவே கணக்கில் வரும், சலுகை போய்விடும். நம் குடும்பங்களில் பலர் இதைக் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பில் அக்கவுன் செஜாத்ரா என்ற கணக்கிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுக்கலாம். ஒப்பந்தம் கையெழுத்தாகி, கடன் உறுதியான பிறகுதான் அது வரும் என்பதால், வீட்டைப் பிடித்து வைக்க முதலில் கொடுக்கும் புக்கிங் பணத்துக்கு அதை நம்ப முடியாது.

பெரிய அடி மதிப்பீட்டில் விழும். விலை, பேங்க் போடும் மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதில்தான் 90% தருவார்கள். மதிப்பு 450,000 என்று வந்தால் கடன் 405,000தான். 48,000 இருந்த இடத்தில் 75,000 வேண்டும். அந்தக் கூடுதல் 27,000ஐ நீங்கள் கட்டி முடித்த பிறகே பேங்க் தன் பணத்தை விடும். அதனால் புக்கிங் போடுமுன் இரண்டு மூன்று பேங்கில் மதிப்பு கேளுங்கள். புக்கிங் பாரத்தில் "கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும்" என்று எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. எஸ்.பி.ஏ.வில் (வீடு வாங்கும் ஒப்பந்தம்) கையெழுத்திட்ட பிறகு கடன் நழுவினால் 10% முழுதும் போகலாம்.

இனி நாள். புக்கிங் 2 அல்லது 3 விழுக்காடு, பெரும்பாலும் 14 வேலை நாளுக்குள் எஸ்.பி.ஏ., அங்கே மீதி சேர்த்து 10%. அதிலிருந்து மீதி 90%ஐக் கட்டி முடிக்க மூன்று மாதம், தாமதமானால் வட்டியோடு இன்னும் ஒரு மாதம். "3+1" என்பது இதுதான். இந்தக் கணக்கு ஃப்ரீஹோல்ட் (நிலம் நிரந்தர உரிமை) வீட்டுக்குச் சரி. லீஸ்ஹோல்ட் (நிலம் குத்தகை உரிமை) என்றால் நில அலுவலகத் தேடல் அறிக்கையை வாங்கி, "செக்காத்தான் கெப்பெந்திங்கான்" (உரிமைக் கட்டுப்பாடு) என்ற வரியைப் படியுங்கள். அனுமதி இல்லாமல் கைமாற்றக் கூடாது என்று அதில் இருந்தால், ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்துதான் மூன்று மாதம் ஓடத் தொடங்கும். ஒப்புதலுக்கே மாதக்கணக்கில் ஆகலாம். விற்பவரின் பழைய கடனை உங்கள் பேங்க் அடைத்து, கிராண்ட்டை (உரிமைப் பத்திரம்) விற்பவரின் பேங்கிலிருந்து விடுவித்து, பெயர் மாற்றப் பதிவுக்குக் கொடுத்த பிறகே மிச்சப் பணம் போகும். அந்தந்த இடத்தில் ஒரு பேப்பர் தங்கினாலும் சாவி தள்ளிப்போகும்.

விற்பவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் கொடுக்கும் 10%இலிருந்து விலையின் 3%, இங்கே 14,400 வெள்ளி, சொத்து ஆதாய வரிக்காக வருமான வரி வாரியத்துக்குப் போகும். வாங்கி ஐந்து ஆண்டு தாண்டிய குடிமகனுக்கு அந்த வரி இல்லை, அதற்கான பாரத்தை மட்டும் நேரத்தோடு நிரப்ப வேண்டும்.

சப்சேல் வீடு இருக்கிற நிலையிலேயே கைமாறும். ஆகவே ஆய்வு புக்கிங்குக்கு முன்பே நடக்கட்டும். குளியலறையின் மேற்கூரைப் பலகையைத் தூக்கி டார்ச் அடியுங்கள். குழாய் சுற்றிலும் வெள்ளைப் பூ பூத்த சிமெண்டு தெரிந்தால் மேல் மாடியிலிருந்து நீர் கசிகிறது. அதை நிர்வாகத்திடம் புகார் செய்து, யார் சரிசெய்வது என்று விற்பவரை எழுதித் தரச் சொல்லுங்கள். பராமரிப்புக் கட்டண பாக்கி இல்லை என்ற கடிதமும் நிர்வாக அலுவலகத்திலிருந்து வேண்டும். பாக்கி இருந்தால் ஆக்சஸ் கார்டு கிடைக்காமல் இழுத்தடிக்கும்.

வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுப்பது, உங்கள் பேங்க் முதல் தொகையை விடுவித்தது என்று வழக்கறிஞர் உறுதிசெய்த பிறகு. அதற்கு முன் லாரி புக் செய்ய வேண்டாம். பல கண்டோக்களில் பொருள் ஏற்றி இறக்க முன்கூட்டியே பாரம் நிரப்பி, லிஃப்டுக்கு டெபாசிட் கட்ட வேண்டும், ஞாயிறன்று விடமாட்டார்கள். சாவி வாங்கும் அன்றே டிஎன்பி (மின்சாரம்), தண்ணீர் மீட்டர் எண்களை விற்பவர் முன்னால் போட்டோ எடுத்து, மின்கணக்கை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.