பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலை மூளையைப் பாதிக்குமா? வெயிலில் காட்டினால் போதாதா?

பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே வடிந்துவிடும். சிவப்பணுக்கள் உடையும்போது வரும் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறக் கழிவைப் பிஞ்சுக் கல்லீரலால் சட்டென்று வெளியேற்ற முடிவதில்லை, அவ்வளவுதான். ஆனால் அளவு மிகவும் ஏறினால் அது மூளைக்குள் கசிந்து, அசைவைக் கட்டுப்படுத்தும் இடத்திலும் கேட்கும் நரம்புப் பாதையிலும் படியும். அங்கே செல்கள் செத்தால் மீளாது. காது கேளாமல் போகலாம், கைகால் தானாக முறுக்கிக்கொள்ளும், கண்ணை மேலே உயர்த்த வராது.

வெயில் கதை பொய்யில்லை. 1950களில் இங்கிலாந்தில் ரோச்ஃபோர்டு மருத்துவமனை நர்ஸ் ஒருவர் வெயில் பட்ட குழந்தையின் தோலில் மஞ்சள் மங்குவதைக் கவனித்ததிலிருந்துதான் நீல விளக்குச் சிகிச்சையே பிறந்தது. ஆனால் ஜன்னலோர வெயிலை விளக்கைப் போல அளந்து கொடுக்க முடியாது, அதனால் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ, கீச்சென்று அழுது முதுகை வில்லாக வளைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.